வீடு விற்போர் கடமையும் ஆவணங்களும்

(அறக்கட்டளையின் விழா நாளில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



விழா மேடையில் சட்டம் பேசுவது விருந்தில் மருந்து பரிமாறுவது போன்றது என்பதை நான் அறிவேன். ஆயினும் செயலாளர் அவர்கள் இந்தப் பொருளையே பேசுமாறு பணித்தார்கள். அதற்குக் காரணம் நம் அனைவர்க்கும் தெரியும். வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி ஆகிய வட்டாரங்களில் உள்ள நம் ஊர்த் தெருக்களில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் கடல் கடந்தும் வாழ்கின்றனர். ஓடு சரிகிறது, சுவர் விரிகிறது. ஒரு நாள், “விற்றுவிடலாமே” என்ற பேச்சு எழுகிறது. விலை பேசி, முன்பணமும் பெற்ற பிறகுதான் பெட்டியைத் திறந்து பத்திரத்தைத் தேடுகிறோம். இந்த வரிசை தலைகீழானது என்பதைச் சொல்வதற்கே இன்று வந்துள்ளேன்.

ஆவணங்களைத் துருவிப் பார்ப்பது வாங்குபவரின் கவலை என்று நம்மில் பலர் எண்ணுகின்றனர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. 1882 ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், தன் 55 ஆம் பிரிவில் விற்பவரின் கடமைகளைத்தான் முதலில் வைக்கிறது. சொத்திலோ உரிமையிலோ ஒரு குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமலும் இயல்பான கவனத்தோடு பார்த்தால்கூடப் புலப்படாமலும் இருக்குமானால், அதை விற்பவர் வாய் திறந்து சொல்ல வேண்டும். தம்மிடம் உள்ள உரிமை ஆவணங்கள் அனைத்தையும் கேட்டவுடன் காட்ட வேண்டும். சொத்தைப் பற்றிய பொருத்தமான கேள்விகளுக்குத் தாம் அறிந்த அளவில் விடை கூற வேண்டும். குறையை மறைத்து வாய்மூடி இருப்பதை அந்தப் பிரிவு மோசடி என்றே பெயரிட்டு அழைக்கிறது. “அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை” என்னும் சமாதானம் அங்கே செல்லாது.

எவை அத்தகைய குறைகள்? நம் ஊர் வீடுகளுக்கே உரியன சில உண்டு. இரண்டு வீடுகளுக்கும் பொதுவான நடுச்சுவர். பின்கட்டுக் கிணற்றில் பங்காளிக்குத் தண்ணீர் இறைக்கும் உரிமை. பக்கத்து வீட்டார் தோட்டத்துக்குச் செல்லும் நடைவழி. இவை தெருவிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை. சில பழைய பத்திரங்களில், அந்த வீட்டை அனுபவிப்பவர் கோயில் விளக்குக்கு ஆண்டுதோறும் எண்ணெய் அளக்க வேண்டும் என்பது போன்ற கட்டளையும் எழுதப்பட்டிருக்கக் கூடும். அளப்பது நின்று பல்லாண்டு ஆகியிருக்கலாம், எழுத்து நிற்கிறது. நீதிமன்றத்தில் பாக வழக்கு நிலுவையில் இருந்தால் அதையும் சொல்லியே ஆக வேண்டும். வழக்கு நடக்கும்போது விற்ற சொத்து, அந்த வழக்கின் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டே வாங்குபவர் கைக்குச் செல்கிறது.

இனி ஆவணங்களுக்கு வருகிறேன். முதன்மையானது, வீடு தமக்கு வந்த வழியைக் காட்டும் பத்திரம். விலைக்கு வாங்கியிருந்தால் கிரயப் பத்திரம். பாகம் பிரிந்து வந்திருந்தால் பாகப்பிரிவினைப் பத்திரம். தந்தையோ தாயோ எழுதி வைத்திருந்தால் தானசெட்டில்மெண்ட் அல்லது உயில். அதற்கு முந்திய கைமாற்றங்களைக் காட்டும் பத்திரங்களைத் தாய்ப் பத்திரம் என்றும் மூலப் பத்திரம் என்றும் வழங்குகிறோம். இவை சங்கிலிக் கண்ணிகள் போல் ஒன்றோடொன்று கோத்து வர வேண்டும். இடையில் ஒரு கண்ணி விடுபட்டாலும் வாங்குபவரின் வழக்கறிஞர் அங்கேயே நின்றுவிடுவார். வங்கிக் கடன் பெற்று வாங்குபவராயின் வங்கியும் நின்றுவிடும்.

நம் குடும்பங்களின் பழைய பத்திரங்களைப் படிப்பதே ஒரு கலை. தென்னாற்காடு ஜில்லா திண்டிவனம் தாலுக்கா என்றும், வடாற்காடு ஜில்லா வந்தவாசி தாலுக்கா என்றும் எழுதியிருக்கும். திருவண்ணாமலை மாவட்டம் பிறந்தது 1989 இல். விழுப்புரம் மாவட்டம் பிறந்தது 1993 இல். ஆண்டைத் தமிழ் வருடப் பெயராலோ பசலியாலோ குறித்திருப்பார்கள். பசலி எண்ணோடு 590 ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும்; பசலி 1400 என்பது 1990 ஜூலையில் தொடங்கியது. சர்வே எண்களும் மாறியுள்ளன. 1979 இல் தொடங்கிய நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் உட்பிரிவுகள் புதிதாக இடப்பட்டன. ஆகவே பத்திரத்தில் ஓர் எண்ணும் பட்டாவில் வேறோர் எண்ணும் இருப்பது கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. பழைய எண்ணே புதிய எண்ணானது என்பதற்கு வருவாய்த் துறைப் பதிவேட்டிலிருந்து சான்று பெற்று உடன் வைக்க வேண்டும், அவ்வளவே. நான்கெல்லை குறித்த வாசகத்தை மட்டும் நன்கு ஊன்றிப் பாருங்கள். “இன்னார் வீட்டுக்கு மேற்கு” என்று எழுதிய காலத்து இன்னார் இன்று இல்லை. அவர் வீடு யாருடையது என்பதை ஊரில் உள்ள முதியவர் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.

பெயர் வேறுபாடும் நமக்கு அடிக்கடி நேர்வது. பத்திரத்தில் பாட்டனார் பெயரோடு நயினார் என்ற பட்டம் சேர்ந்திருக்கும். தந்தையாரின் பள்ளிச் சான்றில் அது விடுபட்டு முதலெழுத்து மட்டும் நிற்கும். ஆதார் அட்டையில் முதலெழுத்தே பெயரின் பின்னே விரிந்து நிற்கும். இம்மூவரும் ஒருவரே என்பதைப் பிரமாணப் பத்திரத்தால் உறுதிசெய்து, விற்பனைப் பத்திரத்திலும் ஒரு வரி எழுதிவிட்டால் தொல்லை தீரும். சர்வே எண்ணோ அளவோ பத்திரத்திலேயே தவறாக இருக்குமானால் அது வேறு. எழுதிக்கொடுத்தவர் அல்லது அவருடைய வாரிசுகளிடமிருந்து பிழைதிருத்தல் பத்திரம் பெற வேண்டும். அதற்குக் காலம் பிடிக்கும்.

பத்திரமே இல்லாத வீடுகளும் உண்டு. கிராம நத்தத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் வீட்டுக்குக் கிரயப் பத்திரம் எங்கிருந்து வரும்? நத்தம் நிலவரித் திட்டத்தில் வழங்கிய பட்டா, பழைய வீட்டு வரி ரசீதுகள், மின் இணைப்புப் பதிவுகள், அவ்வீட்டைக் குறிப்பிடும் பழைய பாகப்பிரிவினை ஆகியவைதாம் அங்கே துணை. ஆகவே அந்த மஞ்சளேறிய ரசீதுகளை, குப்பை என்று எண்ணிப் போகிக்கு எரித்துவிடாதீர்கள். சில வீடுகளில் பங்காளிகள் தமக்குள் எழுதிக்கொண்ட கூர்ச்சீட்டு இருக்கும். முன்பே வாய்மொழியாகப் பிரிந்துகொண்டதை நினைவுக்காக எழுதி வைத்த குறிப்பாயின் அதற்கு மதிப்புண்டு. அந்தத் தாளே சொத்தைப் பிரிப்பதாயின், பதிவு செய்யப்படாத அது உரிமையை நாட்ட உதவாது. எந்த வகை என்பதை அதன் வாசகமே சொல்லும். வழக்கறிஞரிடம் காட்டாமல் முடிவு செய்ய வேண்டாம்.

பட்டாவைப் பற்றி ஒரு மயக்கம் நிலவுகிறது. பட்டா இருந்தால் போதும் என்பார் சிலர். பத்திரம் இருந்தால் பட்டா எதற்கு என்பார் வேறு சிலர். பட்டா வருவாய்த் துறையின் ஆவணம். அது மட்டுமே உரிமையை உண்டாக்காது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியுள்ளன. ஆனால் பட்டா இன்னும் பாட்டனார் பெயரிலேயே இருக்குமானால் வாங்க வருபவர் தயங்குவார். விற்கும் எண்ணம் வந்ததுமே பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். பட்டா, புல வரைபடம், நகரமாயின் நகர நில அளவைப் பதிவேட்டின் நகல் ஆகியவற்றை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பார்த்ததோடு நில்லாமல், அதிலுள்ள பரப்பைப் பத்திரத்துப் பரப்போடும், தரையில் நாடா பிடித்து அளந்த அளவோடும் ஒப்பிட வேண்டும். இம்மூன்றில் எது குறைவோ அதையே விற்பனைக்கு உரியதாகக் கொள்வது என் அறிவுரை. இருப்பதைவிட அதிகம் எழுதிக்கொடுப்பது, விற்றவர் தலைமேல் பின்னாளில் வந்து நிற்கும்.

வில்லங்கச் சான்று பலரும் அறிந்ததே. பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 ஆம் ஆண்டிலிருந்து உள்ள பதிவுகளை இணையவழியில் காண இயலும். அதற்கு முந்தியதை அலுவலகத்தில் தேடச் சொல்லிப் பெற வேண்டும். வாங்குபவர் வழக்கமாக 30 ஆண்டுகளுக்குக் கேட்பார். பதிவான நடவடிக்கைகள் இருந்தால் படிவம் 15 இலும், ஒன்றும் இல்லையென்றால் படிவம் 16 இலும் சான்று வரும். அந்தத் தாள் சுத்தமாக இருப்பதால் வீடும் சுத்தம் என்று கொள்ளலாகாது. பதிவாகாத உயில் அதில் தெரியாது. நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு தெரியாமல் போகலாம். பதிவு செய்யாமல் பத்திரத்தைக் கொடுத்து வாங்கிய கைக்கடன் தெரியவே தெரியாது. இங்கேதான் 55 ஆம் பிரிவு சொன்ன விற்பவரின் வாய்மொழிக் கடமை உயிர் பெறுகிறது.

வங்கியில் அடமானம் வைத்திருந்தால் கடனை அடைத்ததோடு வேலை முடிவதில்லை. அசல் பத்திரங்களை எண்ணிச் சரிபார்த்து வாங்க வேண்டும். கடன் தீர்ந்தமைக்கான ரசீதுப் பத்திரத்தைப் பதிவு செய்து, அடமானப் பதிவு நீங்கியதை வில்லங்கச் சான்றில் கண்ணால் காண வேண்டும். கடன் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் வங்கி அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும் என்றும், தன் காரணத்தால் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி ஆணையிட்டு, அது 2023 டிசம்பர் முதல் நடைமுறையில் உள்ளது. வங்கியில் பத்திரம் காணவில்லை என்று சொன்னால், மாற்று நகல் பெறும் செலவையும் உதவியையும் வங்கியே ஏற்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் உண்டு. தயங்காமல் எழுத்து மூலம் கேளுங்கள்.

நம் கையிலேயே பத்திரம் தொலைந்திருந்தால் சற்று நீண்ட வழி. காவல் நிலையத்தில் புகார் அளித்து, கண்டுபிடிக்க இயலவில்லை என்னும் சான்று பெற வேண்டும். நாளிதழில் அறிவிப்பு வெளியிட வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் பெற வேண்டும். தொலைந்தது என்று பொய் சொல்லி, அசலை எங்கோ ஈடு வைத்துவிட்டு நகலைக் கொண்டு விற்க முனைபவர்களும் உளர். அதனால்தான் வாங்குபவர் இந்த இடத்தில் அதிகம் ஐயுறுகிறார். அவர்மீது சினம் கொள்ள நியாயம் இல்லை.

இதுவரை சொன்னவை தாள்கள். தேடினால் கிடைக்கும்; தொலைந்தால் நகல் பெறலாம். இனிச் சொல்லப்போவது தாளைவிடக் கடினமானது. யார் கையொப்பமிட வேண்டும் என்பதே அது.

ஒரு குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தந்தை தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வீடு வாங்கினார். 1995 இல் உயில் எழுதாமல் மறைந்தார். அவருக்கு மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள். அவருடைய தாயாரும் அப்போது உயிரோடு இருந்தார். இப்போது மகன்கள் இருவரும் வீட்டை விற்க முனைகின்றனர். எத்தனை பேர் கையொப்பம் வேண்டும்? “அம்மாவும் நாங்கள் இருவரும், வேண்டுமானால் தங்கையும்” என்பார்கள். 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் சமணர்களாகிய நமக்கும் பொருந்தும். அது தன் இரண்டாம் பிரிவிலேயே அவ்வாறு கூறுகிறது. அதன்படி மனைவி, தாய், மூன்று மக்கள் ஆகிய ஐவருக்கும் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. தங்கை “வேண்டுமானால்” சேர்க்கப்படுபவர் அல்லர். அண்ணன்மாருக்குச் சமமான உரிமையாளர். தந்தையின் சுயார்ஜிதச் சொத்தில் மகளுக்கு இந்தச் சம பங்கு 1956 முதலே உண்டு. 2005 இல்தான் வந்தது என்று நினைப்பது தவறு.

கணக்கு இங்கே முடியவில்லை. ஐந்தில் ஒரு பங்கு பெற்ற பாட்டியார் 2001 இல் மறைந்தார் என்று கொள்வோம். பாட்டனார் அதற்கு முன்பே காலமாகிவிட்டார். பாட்டியார்க்கு மறைந்த இந்த மகனைத் தவிர இரண்டு மகள்கள், அதாவது பிள்ளைகளுக்கு அத்தைமார்கள். பாட்டியின் பங்கு மூன்றாகிறது. அத்தைமார் இருவருக்கும் தலைக்குப் பதினைந்தில் ஒரு பங்கு. மீதிப் பதினைந்தில் ஒரு பங்கு, மறைந்த மகனின் மக்கள் மூவருக்கும் சேர்த்து. ஆக, அத்தைமார் இருவரின் கையொப்பமும் இல்லாமல் அந்த வீட்டை முழுமையாக விற்க முடியாது. வட்டாட்சியர் தந்த வாரிசுச் சான்றிதழில் பாட்டியின் பெயர் விடுபட்டிருந்தாலும் அவர் பங்கு விடுபட்டுப் போவதில்லை. வாரிசுச் சான்றிதழ் யார் வாரிசு என்பதைக் காட்டும் வருவாய்த் துறைச் சான்றேயன்றி உரிமையைத் தீர்மானிக்கும் தீர்ப்பன்று. ஆகவே விற்பவர் தர வேண்டிய தாள்களில் தந்தையின் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று ஆகியவற்றோடு, அவருக்குப் பின் மறைந்த பாட்டியாரின் இறப்புச் சான்றும் அவர்தம் வாரிசுச் சான்றும் சேரும்.

மூதாதையர் வழிவந்த கூட்டுக்குடும்பச் சொத்தாயின் கதை வேறு வழியில் சென்று அதே இடத்துக்கு வருகிறது. தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அந்நாளுக்கு முன் மணமாகாத பெண்களுக்குப் பங்காளி உரிமை தந்தது. 2005 செப்டம்பர் 9 இல் நடைமுறைக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம் மணமானவர், மணமாகாதவர் என்ற வேறுபாட்டையே நீக்கியது. அந்நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமோ என்ற ஐயத்தை உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் தீர்த்துவைத்தது. வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று கூறியது. 2004 டிசம்பர் 20 க்கு முன்பே பதிவுப் பத்திரத்தின் மூலம் முறையாகப் பாகம் பிரிந்து முடிந்தவற்றை இத்திருத்தம் தொடுவதில்லை. எனவே பெட்டியில் பழைய பாகப்பிரிவினை இருந்தால், அதன் நாளையும் பதிவு எண்ணையும் முதலில் பாருங்கள்.

இந்தச் செய்தி கேட்டு ஆடவர் சிலர் முகம் வாடுவதை நான் காண்கிறேன். “திருமணத்தில் செய்ய வேண்டியதை எல்லாம் செய்துவிட்டோமே” என்பது அவர்கள் மனத்தில் எழும் சொல். செய்தது உண்மையாக இருக்கலாம். அது அவள் பங்குக்கு ஈடாகாது. சட்டத்தின் கண்ணில் அது வேறு கணக்கு. அக்காவிடமும் தங்கையிடமும் அத்தையிடமும் நேரில் சென்று, இன்ன விலை பேசப்படுகிறது, தங்கள் பங்கு இவ்வளவு வருகிறது என்று முன்பே சொல்வதுதான் நேரிய வழி. பதிவுக்கு முதல் நாள் இரவு தொலைபேசியில் அழைத்து, “ஒரு கையெழுத்துப் போட வரவேண்டும்” என்பது அவர்களை அவமதிப்பதாகும். சொல்லாமலே விற்றுவிட்டால் என்ன ஆகும்? அந்த விற்பனை அவர்கள் பங்கைக் கட்டுப்படுத்தாது. வாங்கியவர் தலையில் பாக வழக்கு விழும். அவர் விற்றவர்மீது பாய்வார். பெரும்பாலும் அந்த வீட்டோடு அண்ணன் தங்கை உறவும் போகும். வாரிசுச் சான்று கோரும்போது மகளின் பெயரை வேண்டுமென்றே மறைத்திருந்தால் அது குற்ற வழக்காகவும் மாறும்.

தம் பங்கை உண்மையிலேயே விட்டுக்கொடுக்க விரும்பும் சகோதரி உண்டு. அவர் மனம் பெரிது. அவ்வாறாயின் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். முத்திரைத்தாளில் “எனக்கு வேண்டாம்” என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருவது போதாது. குடும்ப உறுப்பினர்க்கிடையே எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 1 விழுக்காடு. 2023 ஜூலை முதல் அதன் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000 ரூபாய். ஆனால் பங்குத் தொகை பெறப்போகிறார் என்றால், விடுதலைப் பத்திரத்தைவிட அவரும் விற்பவர்களில் ஒருவராக விற்பனைப் பத்திரத்திலேயே கையொப்பமிடுவதை நான் பரிந்துரைப்பேன். செலவு குறைவு. தொகையும் அவர் வங்கிக் கணக்குக்கே நேராகச் செல்லும். யார் எவ்வளவு தந்தார் என்ற பேச்சுக்குப் பின்னாளில் இடமிராது.

பங்குதாரர்களில் வயது நிரம்பாத பிள்ளை இருந்தால் கூடுதல் கவனம் தேவை. இறந்த தம்பியின் பிள்ளைகள் சிறுவர்களாக இருப்பது உண்டு. அப்பிள்ளைக்குச் சொந்தமான தனிப் பங்கைத் தாய் நீதிமன்ற அனுமதியின்றி விற்றால், பிள்ளை வயது வந்தபின் 3 ஆண்டுகளுக்குள் அந்த விற்பனையை எதிர்த்து வழக்கிடலாம். மாவட்ட நீதிமன்றத்தில் அனுமதி பெறுவது காலம் எடுக்கும் செயல்தான். வேறு குறுக்கு வழி இல்லை.

வெளிநாட்டில் இருப்பவர் அதிகாரப் பத்திரம் அனுப்பலாம். அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் முன் கையொப்பமிட்டு, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்திப் பயன்படுத்த வேண்டும். எழுதிக்கொடுத்தவர் இறந்துவிட்டால் இத்தகைய சாதாரண அதிகாரம் அத்துடன் முடிந்தது. எனவே முகவர் மூலம் விற்கும்போது, எழுதிக்கொடுத்தவர் உயிரோடிருப்பதற்கான சான்றும் கேட்பார்கள், மனவருத்தம் வேண்டாம். அதிகாரப் பத்திரமே விற்பனை ஆகாது என்பதை உச்ச நீதிமன்றம் 2011 இலேயே தெளிவாக்கிவிட்டது. பதிவுச் செலவை மிச்சப்படுத்த, “பவர் எழுதிக் கொடுத்துவிடுங்கள், போதும்” என்று யாரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

நகரத்து வீட்டுக்குரியவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மனைப்பிரிவுக்குச் சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல், கட்டட வரைபட அனுமதி, பணி நிறைவுச் சான்று தேவைப்படும் கட்டடமாயின் அச்சான்று, சொத்து வரி, குடிநீர் வரி, மின் கட்டணம் ஆகியவை நாளது வரை செலுத்திய ரசீதுகள். விற்பனை நாள் வரையிலான வரியைச் செலுத்துவது விற்பவர் கடமை என்பதும் அதே 55 ஆம் பிரிவில் உள்ளது. ஒப்புதல் பெறாத மனைப்பிரிவில் உள்ள மனையாயின், 2016 அக்டோபர் 20 க்கு முன்பு அது வீட்டு மனையாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையேல் வரன்முறை ஆணை இல்லாமல் பதிவு நடவாது. அடுக்குமாடி வீடாயின் நிலத்தில் உள்ள பிரிக்கப்படாத பாகம் எத்தனை சதுர அடி என்பதும், குடியிருப்போர் சங்கத்தின் நிலுவையின்மைக் கடிதமும் கூடுதலாக வேண்டும். மாடியில் அனுமதியின்றி ஓர் அறை கட்டியிருந்தால் அதைச் சொல்லிவிட்டு விற்பதே நன்று. வரைபடத்தோடு ஒப்பிட்டால் அது எப்படியும் தெரிந்துவிடும்.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். அசையாச் சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ முன்பணமாகக்கூட ரொக்கமாகப் பெறக்கூடாது. பெற்றால் பெற்ற தொகைக்குச் சமமான தண்டம் விற்பவர்மீதே விதிக்கப்படலாம். 50 லட்சம் ரூபாய்க்குக் குறையாத விலையாயின், உள்நாட்டில் வாழும் விற்பவருக்கு வாங்குபவர் 1 விழுக்காடு வரி பிடித்தே தருவார். வெளிநாட்டில் வாழ்பவர் விற்றால் பிடித்தம் மிக அதிகம். அவர் முன்கூட்டியே தணிக்கையாளரைக் கலந்துகொள்ள வேண்டும்.

“சார்பதிவாளர் பதிவு செய்துவிட்டாரே, பிறகென்ன?” என்று கேட்பார்கள். எழுதிக்கொடுப்பவருக்கு உரிமை உண்டா என்று ஆராய்வது பதிவு அலுவலரின் பணியன்று என்பதை, தமிழ்நாட்டுப் பதிவு விதியொன்றைச் செல்லாது என அறிவித்த தீர்ப்பில் 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. பதிவு முத்திரை விழுந்ததனால் இல்லாத உரிமை உண்டாகிவிடாது. அம்முத்திரைக்கு முன்னால் நாம் கொடுக்கும் தாள்களும் சொல்லும் சொற்களுமே வீட்டின் உரிமையைத் தாங்குகின்றன.

முழு விலையும் பெற்றுக்கொண்டபின், அசல் ஆவணங்கள் அனைத்தையும் வாங்குபவரிடம் ஒப்படைக்க வேண்டும். பட்டியலிட்டு, இருவரும் கையொப்பமிட்டுக் கொடுங்கள். ஒரே பத்திரத்தில் வீடும் தோட்டமும் அடங்கியிருந்து, வீட்டை மட்டும் விற்றுத் தோட்டத்தை வைத்துக்கொண்டால், அசலை நீங்களே வைத்துக்கொள்ளச் சட்டம் இடமளிக்கிறது. முழுவதையும் பலருக்குப் பிரித்து விற்றால், மிக அதிக மதிப்புள்ள பகுதியை வாங்கியவர் அசலைப் பெறுவார். வைத்துக்கொண்டவர் யாராயினும், மற்றவர் கேட்கும்போது அவர் செலவில் காட்டவும் நகல் தரவும், சிதையாமல் காக்கவும் கடமைப்பட்டவர்.

ஒப்படைக்கும் முன் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மூலதன ஆதாய வரி கணக்கிடும்போது பழைய கிரயத் தொகை கேட்கப்படும். 2001 ஏப்ரல் 1 க்கு முன் குடும்பத்துக்கு வந்த வீடாயின், அந்நாளைய சந்தை மதிப்பை அடக்கவிலையாக எடுத்துக்கொள்ளலாம். நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அது அன்றைய வழிகாட்டி மதிப்புக்கு மிகாமல் இருக்க வேண்டும். அந்த மதிப்பைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுதிக் கேட்டுப் பெறலாம். பங்கு பெற்ற சகோதரிகளும் அத்தைமார்களும் தத்தம் பங்குக்குத் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், நகல் கட்டு ஒவ்வொருவர் வீட்டிலும் ஒன்று இருக்கட்டும்.

 உணவு இடைவேளையில் இங்கேயே இருப்பேன். பத்திர நகலோடு வந்திருப்போர் தாராளமாக வந்து கேட்கலாம்.